கலை கலைக்காகவேன்னா என்ன? புதுசா படிக்க வர்றவங்களுக்கு ஒரு வழி

கலைக்கு வேற எந்தப் பயனும் தேவையில்ல, கலையா இருந்தாலே போதும்ங்கற கொள்கைதான் 'கலை கலைக்காக'. முதல்லயே சொல்லிடறேன், தயவுசெஞ்சு ஜெர்மன் தத்துவஞானி கான்ட்ல ஆரம்பிக்காதீங்க. அழகியல் பத்தி தெரிஞ்சுக்கணும்னு யாரக் கேட்டாலும் அவரோட 1790 புக்கத்தான் கை காட்டுவாங்க, ஒரு விஷயத்த அழகுன்னு நாம சொல்றப்போ அதுல நமக்கு எந்த லாப நோக்கமும் இருக்கக்கூடாதுன்னு அவர் சொன்னது முக்கியமான பாயிண்ட்தான், இல்லைங்கல, ஆனா பத்து பக்கம் போறதுக்குள்ள கண்ணு சொக்கிடும், அப்புறம் இந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டீங்க. அந்த ஒரு வரிய மட்டும் கையில வச்சுக்குங்க, இப்போதைக்குப் போதும்.

இன்னொண்ணு. 'கலை கலைக்காகவா, மக்களுக்காகவா'ன்னு நம்ம ஊர்ல ஒரு பழைய பட்டிமன்றம் இருக்கே, அத கொஞ்ச நாளைக்கு மூட்டை கட்டி ஓரமா வச்சுடுங்க. கலைய முன்னாடி வச்ச விமர்சகர்கள் க.நா.சு., சி.சு. செல்லப்பா ஒரு பக்கம், மார்க்சிய விமர்சகர்கள் கைலாசபதி, சிவத்தம்பி இன்னொரு பக்கம்னு நடந்த அந்தச் சண்டைல நல்ல எழுத்து நிறைய வந்துச்சு, ஆனா அதுல 'கலை கலைக்காக'ங்கறது பாதி நேரம் எதிராளிய திட்டறதுக்குத்தான் யூஸ் ஆச்சு. அந்த மூடோட போய் ஐரிஷ் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட எடுத்தீங்கன்னா மூணாவது பக்கத்துலயே 'மேட்டுக்குடி ஆளு'ன்னு தீர்ப்பு எழுதிட்டு மூடிடுவீங்க.

நான் சொல்லப்போறது 19-ம் நூற்றாண்டு ஃப்ரான்ஸ், இங்கிலாந்து கதை. 1818-ல பாரிஸ்ல விக்டர் கூசன்னு ஒரு தத்துவப் பேராசிரியர் லெக்சர்ல, மதம் மதத்துக்காக, ஒழுக்கம் ஒழுக்கத்துக்காக, கலை கலைக்காகன்னு ஒரு வரி சொன்னாரு. அதுல கடைசித் துண்ட மட்டும் எழுத்தாளனுங்க பிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஏன்னா அவங்களுக்கு அது தேவைப்பட்டுச்சு. 'உன் புக்கால சமூகத்துக்கு என்ன பிரயோஜனம்'னு முதல்ல பத்திரிகைக்காரன் கேட்டான், அப்புறம் பாதிரியார் கேட்டாரு, கடைசியில கோர்ட்டே கேட்டுச்சு. இப்படிக் கேக்கற உரிமை உனக்கு யாரு குடுத்தான்னு திருப்பிக் கேட்டவங்கதான் இவங்க. இத மனசுல வச்சுக்கிட்டு படிச்சா சோம்பேறிப் பேச்சா தெரியாது, சண்டையாத்தான் தெரியும். அதவிட சுவாரஸ்யம், இந்தக் கொடிய தூக்கின ஒவ்வொரு ஆளும் எங்கயோ ஒரு இடத்துல தடுமாறியிருக்காங்க. அந்த இடத்தையெல்லாம் குறிச்சு வச்சுக்குங்க, கோஷத்த எத்தன தடவை மனப்பாடம் பண்ணாலும் கிடைக்காதது அங்கதான் கிடைக்கும்.

நான் சொல்ற பழைய புக்ஸ்ல பெரும்பாலானதுக்கு காப்பிரைட் எப்பவோ முடிஞ்சிடுச்சு, ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்ல ஓசில இறக்கிக்கலாம். இங்கிலீஷ் தட்டுத்தடுமாறி படிக்கத் தெரிஞ்சா முக்கால்வாசி ஓட்டிடலாம், ஒரே ஒருத்தர் மட்டும் கஷ்டம், அவருக்குத் தனியா வழி சொல்றேன்.

ஸ்டெப் 1: சிரிச்சுக்கிட்டே ஆரம்பிங்க

வைல்டோட 'தி டிகே ஆஃப் லையிங்'. 1889 ஜனவரில பத்திரிகைல வந்துச்சு, 1891-ல 'இன்டென்ஷன்ஸ்'ங்கற தொகுப்புல சேத்தாரு. ஒரே உட்கார்ல முடிச்சிடலாம். சிரில், விவியன்னு ரெண்டு பேரு ஒரு பெரிய வீட்டு லைப்ரரில உக்காந்து வெட்டிப்பேச்சு பேசறாங்க, அவரோட ரெண்டு பசங்க பேரையே வச்சிருக்காரு. வெளிய போய் புல்லுல படுத்து இயற்கைய ரசிக்கலாம் வான்னு சிரில் கூப்புடுவான், அதுக்கு விவியன் இயற்கை மாதிரி வசதி கெட்டது எதுவும் கிடையாது, புல்லு மேடும் பள்ளமுமா ஈரமா இருக்கும், கருப்பு கருப்பா பூச்சி வேறம்பான். இங்கேர்ந்து மெல்ல ஏறி, கலை வாழ்க்கைய காப்பியடிக்கல, வாழ்க்கைதான் கலைய காப்பியடிக்குதுங்கற இடத்துக்கு வந்துடுவாங்க. லண்டன் பனிமூட்டம் அங்க நூத்தாண்டுக் கணக்கா இருந்திருக்கலாம், ஆனா கவிஞர்களும் ஓவியர்களும் அதோட அழக காட்டிக் குடுக்கற வரைக்கும் யாரு கண்ணுலயும் அது படல, அதனால அதுவரைக்கும் அது இல்லன்னே சொல்லலாம்னு ஒரு இடம் வரும். முதல் தடவை படிக்கறப்போ வெறும் கலாட்டாவா தெரியும், ரெண்டாவது தடவை 'அட, ஆமால்ல'ன்னு தோணும்.

நடுவுல அந்தக் காலத்து நாவலாசிரியர்கள வரிசையா நிக்க வச்சு கிண்டல் பண்ற பக்கங்கள் வரும், பாதிப் பேரு யாருன்னே தெரியாது, தாராளமா தாண்டிப் போங்க. கடைசில சிரில் 'உன் கொள்கைய சுருக்கமா சொல்லு'ன்னு கேப்பான், விவியன் ஒண்ணொண்ணா அடுக்குவான், அத மட்டும் ஒரு நோட்ல எழுதி வச்சுக்குங்க, அடுத்த ஸ்டெப்புக்கெல்லாம் அதுதான் கைகாட்டி. ஆனா விவியன் சொல்றதெல்லாம் வைல்ட் சொல்றதுன்னு எடுத்துக்காதீங்க. எதுலயும் தன் கையெழுத்து விழாம எல்லாத்தையும் சொல்லிடலாங்கறதுக்குத்தான் அவரு டயலாக் ஃபார்ம்க்கு போனாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஸ்டெப் 2: கோபமா இருக்கற ஒரு முன்னுரை

ஃப்ரெஞ்ச் எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே. 1830-ல விக்டர் ஹ்யூகோவோட 'எர்னானி' நாடகம் முதல் நாள் போட்டப்போ செவப்பு வெய்ஸ்ட்கோட் மாட்டிக்கிட்டுப் போய் தியேட்டர்ல ரகளை பண்ண கூட்டத்துல முன்னாடி நின்னவரு. 1835-ல 'மத்மொசெல் த மொபேன்'னு ஒரு நாவல் போட்டாரு, நாவல இப்போ படிக்க வேண்டியதில்ல, முன்னுரை மட்டும் போதும், இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு கிடைக்குது. இலக்கியம் பயனுள்ளதா இருக்கணும், ஒழுக்கம் சொல்லணும்னு எழுதின பத்திரிகைக்காரங்கள போட்டு வெளு வெளுன்னு வெளுத்திருப்பாரு. முட்டாள்களா, புக்க வச்சு சூப் காய்ச்ச முடியாது, நாவல்ங்கறது தையல் போடாத பூட்ஸ் ஜோடி இல்ல, நாடகம் ரயில்வே இல்லங்கற ரேஞ்ச்ல போகும். எதுக்கும் உதவாததுதான் உண்மையிலயே அழகு, உதவறதெல்லாம் அசிங்கம், வீட்டுலயே ரொம்ப உபயோகமான இடம் கக்கூஸ்தாங்கற ஃபேமஸ் வரி இதுலதான் இருக்கு.

இதோட பக்கத்துலயே ஃப்ரெஞ்ச் கவிஞர் போதலேரையும் ஒரு நிமிஷம் பாத்துடுங்க. 1851-ல ஒரு கட்டுரைல இந்த 'கலை கலைக்காக' கோஷ்டிய சின்னப்புள்ளத்தனமான கற்பனைன்னு திட்டினவரு, 1857-ல தன்னோட கவிதைத் தொகுப்ப அதே கோத்தியேவுக்குத்தான் சமர்ப்பணம் பண்ணாரு. அந்த வருஷமே அந்தப் புக்கு மேல கேஸ், அபராதம், ஆறு கவிதைக்குத் தடை. ஃப்ரான்ஸ்ல அந்தத் தீர்ப்ப ரத்து பண்ண 1949 ஆயிடுச்சு.

ஸ்டெப் 3: ஒரு படத்தப் பாருங்க

இதுல படிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. விஸ்லர் வரைஞ்ச 'நாக்டர்ன் இன் பிளாக் அண்ட் கோல்ட்: தி ஃபாலிங் ராக்கெட்'ன்னு தேடிப் பாருங்க, இப்போ டெட்ராய்ட் மியூசியத்துல இருக்கு. ராத்திரி வாணவேடிக்கை, இருட்டு, அங்கங்க பொறி, அவ்வளவுதான். 200 கினி (அந்தக் காலத்து பிரிட்டிஷ் காசு) விலை போட்டிருந்தாரு. அந்தக் காலத்துல கலை விமர்சனத்துல பெரிய தலை ஜான் ரஸ்கின், ஒரு வாளி பெயிண்ட மக்கள் மூஞ்சில வீசறதுக்கு 200 கினியான்னு 1877-ல எழுதிட்டாரு. விஸ்லர் மானநஷ்ட வழக்கு போட்டாரு. ரெண்டு நாள் வேலைக்கா இவ்வளவு காசு கேக்கறீங்கன்னு கோர்ட்ல கேட்டதுக்கு, இல்ல, வாழ்நாள் முழுக்க சேத்த அறிவுக்குக் கேக்கறேன்னாரு. 1878 நவம்பர்ல ஜெயிச்சாரு, ஆனா நஷ்டஈடா கிடைச்சது ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. கோர்ட் செலவும் சேந்து மறு வருஷம் திவால். இந்தக் கொள்கைக்கு ஒரு விலை இருந்துச்சுங்கறது இந்தக் கேஸ் தெரிஞ்சா நல்லா உறைக்கும்.

ஸ்டெப் 4: வால்டர் பேட்டர், மெதுவா

கஷ்டமான ஆளுன்னு சொன்னது இவரத்தான். ஆக்ஸ்ஃபோர்ட்ல பிரேஸ்நோஸ் காலேஜ்ல இருந்தவரு, அதிகம் பேச மாட்டாரு, வெளிய பாத்தா சாது. 1873-ல மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள், கவிஞர்கள் பத்தி ஒரு கட்டுரைத் தொகுப்பு போட்டாரு, அதோட கடைசில 'கன்க்ளூஷன்'னு நாலஞ்சு பக்கம். அந்த நாலஞ்சு பக்கம் ஒரு தலைமுறைப் பசங்களையே ஆட்டி வச்சுடுச்சு. விஷயம் என்னன்னா, நம்ம கையில இருக்கறது கணக்குப் போட்ட சில நாடித்துடிப்புதான், எல்லாருக்கும் மரண தண்டனை எழுதியாச்சு, தேதி மட்டும்தான் தெரியாது, அப்போ கிடைச்ச நேரத்துக்குள்ள எவ்வளவு தீவிரமா உணர முடியுமோ அவ்வளவு உணரணும், அனுபவத்தோட பலன் முக்கியமில்ல, அனுபவமேதான் முக்கியம். ரத்தினக்கல்லு மாதிரி இறுகின ஒரு தீயா எப்பவும் எரியறதுதான் வாழ்க்கைல ஜெயிக்கறதும்பாரு. அந்தத் தீவிரத்த கலை மாதிரி வேற எதுவும் குடுக்காதுங்கறதுதான் அவரோட முடிவு.

இத எப்படிப் படிக்கறதுன்னா, ஒரு நாளைக்கு ஒரு பாரா, அதுக்கு மேல வேணாம். வாய்விட்டுப் படிங்க. வாக்கியம் நீண்டுக்கிட்டே போகும், வினைச்சொல் எங்க இருக்குன்னு தேடிக் கண்டுபிடிச்சு அடிக்கோடு போடுங்க, அப்புறம் முதல்லேர்ந்து திரும்பப் படிங்க. அது கை வந்ததும் அதே புக்ல லியோனார்டோ கட்டுரைல மோனா லிசா வர்ற இடத்துக்குப் போங்க, தான் உக்காந்திருக்கற பாறைகள விட வயசானவ அவன்னு ஆரம்பிக்கற பகுதி. படத்துல இல்லாதது அம்பத்தெட்டு விஷயம் அதுல இருக்கும், படத்தப் பத்தின தகவல்னு பாத்தா ஒண்ணுமே தேறாது, ஆனா உரைநடை என்னெல்லாம் பண்ண முடியுங்கறதுக்கு அதுக்கு மேல ஒரு சாம்பிள் காட்ட எனக்குத் தெரியல. பின்னால ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் 1936-ல ஒரு கவிதைத் தொகுப்பு போட்டப்போ இந்த உரைநடைய வரி வரியா உடைச்சு கவிதையா முதல் பக்கத்துல வச்சாரு.

தடுமாற்றம்னு சொன்னேன்ல, அது இங்க இருக்கு. 1877-ல ரெண்டாவது பதிப்பு வந்தப்போ பேட்டர் அந்த 'கன்க்ளூஷன'யே தூக்கிட்டாரு. 1888-ல மூணாவது பதிப்புல திரும்ப சேத்தாரு, கொஞ்சம் மாத்தி, அடில ஒரு குறிப்போட: இது சில இளைஞர்கள தப்பான வழில கொண்டு போயிடுமோன்னு நினைச்சு எடுத்திருந்தேன்னு. கலை யாருக்கும் எதுவும் போதிக்கறதில்லன்னு சொல்ற கூட்டத்துக்கே குருவா இருந்த ஆளு, தன் புக்கு பசங்கள கெடுத்துடுமோன்னு பயந்திருக்காரு. அந்த அடிக்குறிப்ப தவற விட்டுடாதீங்க.

இங்க ஒரு பயிற்சி பண்ணிடலாம். அந்தப் புக்கோட முன்னுரைல பேட்டர் விமர்சகனுக்கு சில கேள்வி குடுக்கறாரு: இந்தப் பாட்டு, இந்தப் படம் எனக்கு என்ன? என் மேல உண்மையிலயே என்ன விளைவு பண்ணுது? சந்தோஷம் தருதா, தந்தா எந்த மாதிரி, எவ்வளவு? உங்களுக்குப் பிடிச்ச ஒரு சின்ன விஷயத்த, ஒரு கவிதையோ, நாலு வரி வர்ணனையோ எடுத்துக்கிட்டு இதுக்கு பதில் எழுதிப் பாருங்க. நமக்கெல்லாம் ஸ்கூல்ல 'நயம் பாராட்டுக'ன்னு வந்தா முதல்ல மையக்கருத்து, அப்புறம் மோனை, எதுகை, இயைபு, அணின்னு டப்பு டப்புன்னு எழுதித்தான் பழக்கம், பாட்டு பிடிச்சுதான்னு யாரும் கேட்டதே இல்ல. அதனால பேனாவ எடுத்ததும் கை தானா 'இதில் கவிஞர் கூற வருவது'ன்னு எழுத ஆரம்பிக்கும். அடிச்சுடுங்க. பாட்டுல எந்த இடத்துல உங்களுக்கு மூச்சு நின்னுச்சு, எந்தச் சத்தத்துல, எந்த வார்த்தை பக்கத்துல எந்த வார்த்தை வந்தப்போங்கறத எழுதுங்க. முதல்ல ரெண்டு வரிக்கு மேல வராது, பரவால்ல, வந்த ரெண்டு வரி உங்களுது.

ஸ்டெப் 5: டோரியன் கிரே, ஆனா பின்னாலேர்ந்து

வைல்டோட நாவல் 'தி பிக்சர் ஆஃப் டோரியன் கிரே'. எல்லாரும் இங்கதான் ஆரம்பிப்பாங்க, நான் வேணும்னேதான் அஞ்சாவதா வச்சிருக்கேன். எந்தப் பாடம், அதாவது எந்த வெர்ஷன், கையில இருக்குன்னு முதல்ல பாத்துக்குங்க. 1890 ஜூலைல லிப்பின்காட்ஸ் மேகசின்ல வந்ததுல 13 அத்தியாயம். 1891-ல புக்கா வந்தப்போ ஆறு அத்தியாயம் புதுசா எழுதி, பழச கொஞ்சம் பிரிச்சு, 20 ஆக்கினாரு, அந்த ஃபேமஸ் முன்னுரையும் புக்லதான் சேந்துச்சு. குட்டன்பெர்க்ல ரெண்டுமே இருக்கு, அத்தியாயத்த எண்ணினா தெரிஞ்சிடும். முதல் தடவைக்கு 20 அத்தியாயம் உள்ளதே எடுங்க.

எடுத்ததும் முன்னுரைய தாண்டுங்க. நேரா கதைக்குப் போங்க. இது எனக்கு ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா முன்னுரைய படிச்சுட்டு உள்ள போனா ஒழுக்கமான புக்கு, ஒழுக்கங்கெட்ட புக்குன்னு எதுவும் இல்ல, நல்லா எழுதினது, மோசமா எழுதினதுன்னுதான் உண்டுங்கற வரி காதுல ரீங்காரம் போட்டுக்கிட்டே இருக்கும், கதை தனியா என்ன சொல்லுதுன்னு கேக்காது. கதைல சிபில் வேன்னு ஒரு நடிகை வருவா, சின்னத் தியேட்டர்ல ஜூலியட், ரோசலிண்ட்னு தினம் ஒரு வேஷம். டோரியன் அவ மேல பைத்தியமாயிடுவான், ஆனா அவன் பாத்தது வேஷத்தத்தான். நிஜக் காதல் வந்ததும் அவளுக்கு மேடைல பொய்யா நடிக்க வரல, நடிப்பு சொதப்புது, அன்னைக்கே அவள உதறிட்டுப் போறான். வாழ்க்கையையும் மனுஷங்களையும் கலைப் பொருளா மட்டும் பாத்தா என்ன ஆகுங்கறதுக்கு இந்த ஏழாவது, எட்டாவது அத்தியாயத்த விட பெரிய விமர்சனத்த எதிராளி யாரும் எழுதல, எழுதினது அந்தக் கோஷ்டியோட தலைவரேதான். அதுக்கப்புறம் 11-வது அத்தியாயம் வரும், வாசனைத் திரவியம், நகை, எம்பிராய்டரின்னு லிஸ்ட் லிஸ்ட்டா போகும், பலபேரு புக்க கீழ வைக்கற இடம் இது. அந்த லிஸ்ட்டு அலுக்கணும்னுதான் இருக்கு, அனுபவத்த சேத்துக்கிட்டே போற ஒருத்தன் எவ்வளவு வெறுமையா ஆகறான்னு பாக்கறீங்க, வேகமா ஓட்டிட்டு அடுத்ததுக்குப் போயிடுங்க. முடிவ நான் சொல்லல.

முடிச்சதும் முன்னுரைக்குத் திரும்பி வாங்க. கடைசி வரி, எல்லாக் கலையும் முழுக்க பயனற்றதுதான். இதுக்கு என்ன அர்த்தம்னு ஒரு வாசகர் லெட்டர் போட்டு கேட்டப்போ வைல்ட் எழுதின பதில் இருக்கு: கலையோட வேலை ஒரு மனநிலைய உண்டாக்கறது மட்டும்தான், பாடம் நடத்தறதோ, செயல்ல இறக்கறதோ அதோட வேலை இல்ல, ஒரு பூ எப்படிப் பயனற்றதோ அப்படித்தான், பூ தன் சந்தோஷத்துக்குப் பூக்குது, பாக்கறப்போ நமக்கும் ஒரு நிமிஷ சந்தோஷம். சரி, அழகான பதில். ஆனா 1890-லயே, கதை மேகசின்ல வந்து பத்திரிகைங்க கண்டபடி திட்டினப்போ அதே வைல்ட் என்ன எழுதினாருன்னா, இந்தக் கதைல ஒரு நீதி இருக்கு, எல்லா மிதமிஞ்சலும் எல்லாத் துறவும் தன் தண்டனைய தானே கொண்டு வரும், அந்த நீதி இவ்வளவு வெளிப்படையா தெரியறதுதான் என் புக்ல இருக்கற ஒரே குறைன்னு. கிண்டலா, சீரியஸா? ரெண்டும்னுதான் எனக்குத் தோணுது. நீங்க படிச்சுட்டு உங்க முடிவ எழுதி வைங்க.

1895 ஏப்ரல்ல இந்த முன்னுரை கோர்ட்டுக்கே போச்சு. வைல்டோட காதலர் ஆல்ஃப்ரட் டக்ளஸோட அப்பா குவீன்ஸ்பெரி பிரபு மேல வைல்ட் போட்ட மானநஷ்ட வழக்கு, எதிர்த்தரப்பு வக்கீல் எட்வர்ட் கார்சன், டப்ளின் டிரினிட்டி காலேஜ்ல வைல்டோட கூடப் படிச்சவரு. ஒழுக்கமான புக்கு, ஒழுக்கங்கெட்ட புக்குன்னு இல்லங்கற அந்த வரியப் படிச்சுட்டு இதுதான் உங்க கருத்தான்னு கேட்டாரு, கலை பத்தின என் கருத்து, ஆமான்னாரு. கோர்ட்ல படிச்சுக் காட்டறதுக்கு கார்சன் தேடி எடுத்தது மேகசின் பாடத்த, ஏன்னா புக்குக்காக வைல்டே பூசி மெழுகின இடங்கள் அதுல அப்படியே இருந்துச்சு. அந்த வழக்கு கவுந்து, அடுத்து வைல்ட் மேலயே ஆண்களோட உறவு வச்சிருந்தாருன்னு கேஸ் வந்து, மே 25-ம் தேதி ரெண்டு வருஷக் கடுங்காவல்.

ஸ்டெப் 6: எதிர்க்கட்சிக்கும் காது குடுங்க

இது இல்லாம விட்டா பாதிதான் தெரியும். முதல்ல டால்ஸ்டாயோட 'கலை என்றால் என்ன', 1898. அழகும் சந்தோஷமும் கலையோட அளவுகோல் இல்ல, ஒருத்தன் உணர்ந்தத இன்னொருத்தனுக்குத் தொத்த வைக்கறதுதான் கலை, அது மனுஷங்கள ஒண்ணு சேக்குதான்னுதான் பாக்கணும்பாரு. பல இடத்துல எரிச்சலாத்தான் வரும், பீத்தோவனையே தூக்கிப் போடுவாரு. ஆனா தன்னோட எழுத்தயும் அதே தராசுல வச்சு, ரெண்டு சின்னக் கதை தவிர மீதியெல்லாம் கெட்ட கலைன்னு ஒதுக்கினாரு பாருங்க, 'போரும் வாழ்வும்' உட்பட, அந்த நேர்மைக்காகவே எதிர்க்கட்சில இவருக்குத்தான் என் ஓட்டு. 1936-ல லக்னோல முற்போக்கு எழுத்தாளர் மாநாட்டுல அழகோட அளவுகோலயே நாம மாத்தணும்னு இந்தி எழுத்தாளர் பிரேம்சந்த் பேசினதும் இந்த வரிசைலதான் வரும், நம்ம ஊர் பட்டிமன்றத்துக்கு ஒரு வேர் அங்க இருக்கு. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சேபே இன்னும் நேரா போட்டு உடைச்சிட்டாரு, கலை கலைக்காகங்கறது நாத்தம் போக்கின நாய்ப்பீன்னு. ஆப்பிரிக்கால கலைங்கறது ஊரோட வாழ்க்கைல ஒட்டினதா இருந்துச்சு, அதப் பிச்சு எடுத்து தனியா வைக்கறது ஐரோப்பாவோட வியாதிங்கறது அவரு வாதம். மூட்டை கட்டி வச்ச நம்ம சண்டைய இப்போ தாராளமா பிரிச்சுக்கலாம், யாரு யாருகிட்டேர்ந்து என்ன எடுத்தாங்கன்னு நல்லா தெரியும்.

ஸ்டெப் 7: ஜெயில்லேர்ந்து ஒரு லெட்டர்

கடைசியா 'டி ப்ரொஃபண்டிஸ்'. 1897 ஆரம்பத்துல ரெடிங் ஜெயில்ல வைல்ட் தன் காதலர் ஆல்ஃப்ரட் டக்ளஸுக்கு எழுதின லெட்டர். பேட்டரோட மறுமலர்ச்சிப் புக்க ஜெயிலுக்குள்ளயும் கேட்டு வாங்கிப் படிச்சவரு, இதுல அத தன் வாழ்க்கை மேல விசித்திரமான ஆதிக்கம் செலுத்தின புக்குன்னு சொல்லுவாரு. சந்தோஷத்தயே தேடி ஓடின ஆளு துயரம்தான் மனுஷனால உணர முடிஞ்ச உச்ச உணர்ச்சி, எல்லாப் பெரிய கலைக்கும் அதுதான் அச்சுன்னு எழுதறாரு.

இதுலயும் பாடம் பாத்து எடுக்கணும். 1905-ல அவரோட நண்பர் ராபர்ட் ராஸ் வெளியிட்டது பாதிக்கும் கம்மி, டக்ளஸ் பேரே அதுல கிடையாது, ஓசில கிடைக்கறது பெரும்பாலும் அந்தச் சுருக்கின பாடம்தான். கையெழுத்துப் பிரதிய வச்சு முழுசா வந்தது 1962-ல, அவரோட கடிதத் தொகுப்புல. லைப்ரரில கடிதத் தொகுப்பு இருந்தா அதையே எடுங்க. ராஸ் வெட்டினதுல பெரும்பகுதி டக்ளஸ் மேல வைல்ட் வைக்கற புகாரும் கணக்கு வழக்கும், எந்த ஹோட்டல்ல என்ன சாப்ட்டோம், எவ்வளவு பில்லு, 1892 இலையுதிர் காலத்துலேர்ந்து ஜெயிலுக்குப் போற வரைக்கும் உன் மேல 5000 பவுனுக்கு மேல செலவு பண்ணேன்னு. அந்தப் பகுதி போரடிக்குதுன்னு நேரா துயரம், கிறிஸ்துன்னு வர்ற பக்கங்களுக்குத் தாவிடாதீங்க, அந்த பில்லு லிஸ்ட்டையும் 11-வது அத்தியாயத்து நகை லிஸ்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு தடவை படிங்க.